ட்ரோல்டுங்கா போகிறீர்களா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

நார்வேயில் மலை விளிம்பிலிருந்து நீண்டு நிற்கும் பாறை ட்ரோல்டுங்கா. முதல் முறை போனபோது நான் அதைப் பார்க்கவே இல்லை. காலை பத்தரைக்கு நடக்கத் தொடங்கியிருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு, இன்னும் ஆறு கிலோமீட்டர் பாக்கி என்று சொன்ன பலகைக்குப் பக்கத்தில், ஈரப் பாறைமேல் உட்கார்ந்து, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூட்டத்தில் ஒரு சப்பாத்திச் சுருளைத் தின்றுவிட்டுத் திரும்பி நடந்தேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது, கால்கூட வலிக்கவில்லை. நேரம்தான் இல்லை. இரண்டு வருடம் கழித்து அதே கால்களோடு காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன், பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அந்த நாலரை மணி நேர வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. காலணி, பை, சாப்பாடு எல்லாம் வரும். ஆனால் எல்லாவற்றையும் நேரத்தோடு சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன்.

இடம் எப்படிப்பட்டது?

நார்வேயின் மேற்குப் பக்கம், ஹார்டாங்கர் ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே புகுந்த நீண்ட கடற்கழி) ஒரு கிளை உள்நாட்டுக்குள் நீண்டு வந்து முடியும் இடத்தில் ஒட்டா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டிஸ்ஸெடால், அதற்கு மேலே மலைக்குள் ஷெக்கெடால். ஷெக்கெடாலில்தான் நடை தொடங்குகிறது. மலைச்சுவரிலிருந்து கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைப் பலகைதான் ட்ரோல்டுங்கா. ‘ட்ரோல்’ என்பது நார்வே நாட்டுக் கதைகளில் வரும் மலைப்பூதம், ‘டுங்கா’ என்றால் நாக்கு. பூதத்தின் நாக்கு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். நேர் கீழே ரிங்கெடால்ஸ்வாட்னெட் என்ற ஏரி. நாக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே சுமார் 700 மீட்டர் வெறும் காற்று. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் எட்டாது.

பனியூழியின் கடைசியில், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன், பனியாற்றின் தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து உறைந்து, பெரிய பெரிய துண்டுகளைப் பிளந்து தள்ளியது. விழாமல் மிச்சம் நின்றதுதான் இந்த நாக்கு.

ஏரி முழுக்க இயற்கையாக அமைந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நடை தொடங்கும் இடத்திலேயே ஒரு பழைய கல் அணை தெரியும். டிஸ்ஸெடால் நீர்மின் நிலையத்துக்காகக் கட்டியது. 1908-இல் ஒட்டாவில் தொடங்கிய கார்பைடு ஆலை அந்த மின்சாரத்தில்தான் ஓடியது. கோடைத் தொடக்கத்தில் ஏரி நிரம்பாமல் இருந்தால் கரையைச் சுற்றி வெளிறிய கல் பட்டை ஒன்று தெரியும், படங்களில் அதை யாரும் காட்டுவதில்லை.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2010 வாக்கில் வருடத்துக்கு எண்ணூறு பேர் சுமாருக்கு வந்து போன இடம் இது. 2016-இல் அது எண்பதாயிரத்தைத் தொட்டது. கைப்பேசிப் படங்களின் வேலை. மலை மாறவில்லை, வருகிறவர்கள் மாறிவிட்டார்கள். ஜீன்ஸும் கான்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு மதியம் கிளம்பி, இருட்டில் மாட்டிக்கொண்டு, மீட்புக் குழுவைக் கூப்பிடுகிறவர்கள் அதிகமானதால்தான் இன்று இத்தனை பலகைகளும் எச்சரிக்கைகளும். அந்த மீட்புக் குழுவில் பெரும்பாலானோர் செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்கள். சம்பளம் கிடையாது, தூக்கத்திலிருந்து எழுந்து வருகிறவர்கள்.

தேதி

ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை நீங்களாகவே போகலாம். மற்ற எட்டு மாதங்களில் வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம் என்பது அங்குள்ளவர்கள் சொல்வது. அதைப் பேச்சுக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பனி மூடினால் பாதையும் அடையாளமும் ஒருசேரக் காணாமல் போகும்.

நான்கு மாதங்களும் ஒரே மாதிரி இல்லை. ஜூன் முதல் இரண்டு வாரங்களில் மேலே பழைய பனி கிடக்கும். மத்தியானத்தில் அது இளகி, கால் முழங்கால்வரை புதையும். ஒரு கிலோமீட்டருக்கு இருபது நிமிடம் என்று போட்ட கணக்கு நாற்பதாகிவிடும். ஜூலையும் ஆகஸ்டும் சுலபம், கூட்டமும் அப்போதுதான். செப்டம்பரில் கூட்டம் குறைவு, புல்லும் புதரும் செம்பழுப்பாக மாறியிருக்கும், எனக்குப் பிடித்த மாதம். ஆனால் வெளிச்சத்தைப் பாருங்கள். ஜூன் மூன்றாம் வாரத்தில் காலை நாலேகால் வாக்கில் விடிந்து இரவு பதினொன்றுவரை சூரியன் இருக்கும். செப்டம்பர் கடைசியில் ஏழரைக்கு விடிந்து மாலை ஏழு சொச்சத்துக்கு இருட்டிவிடும். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பகல், பன்னிரண்டு மணி நேர நடை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் செப்டம்பர் கடைசி வாரத்தில் ஏன் புதியவர்கள் போகக் கூடாது என்பது புரியும்.

என் யோசனை: முதல் முறை போகிறவர்கள் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிக்குள் வையுங்கள். ஒரு நாளை மட்டும் நம்பாமல் ஒட்டாவில் மூன்று இரவு தங்குகிற மாதிரி திட்டம் போடுங்கள். மூன்று நாளில் ஒரு நாளாவது மலை முகம் காட்டும். சுற்றுலாத் திட்டத்தில் ‘நாள் 4: ட்ரோல்டுங்கா, நாள் 5: பெர்கன் விமானம்’ என்று எழுதி வைத்திருப்பவர்கள்தான் மழையிலும் பிடிவாதமாக ஏறுகிறார்கள்.

எங்கிருந்து ஏறுவது?

இதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. மூன்று வாகன நிறுத்தங்கள் உண்டு, பி1, பி2, பி3 என்று பெயர்.

பி2 ஷெக்கெடாலில். பெரும்பாலானோர் தொடங்கும் இடம். போக வர 27 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் சுமார் 800 மீட்டர், பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். பி3 அதற்கு மேலே, மோகெலிடொப் என்ற இடத்தில். அங்கிருந்து 20 கிலோமீட்டர், ஏற்றம் 300 சொச்சம், ஏழு முதல் பத்து மணி நேரம். பி1 கீழே டிஸ்ஸெடாலில், பி2-க்கு ஆறு கிலோமீட்டர் முன்னால். அங்கே வண்டியை விட்டால் பி2 வரை ஷட்டில் பேருந்தில் வந்துவிடுங்கள். அந்தத் தார்ச்சாலையை நடந்து கடப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

பி3-இல் முப்பது கார்களுக்குத்தான் இடம். முன்பதிவு கட்டாயம், கோடையில் சீக்கிரம் நிரம்பிவிடும். கார் இல்லாதவர்களுக்கு பி2-இலிருந்து பி3-க்கும் ஷட்டில் ஓடுகிறது, அதையும் முன்னதாகப் பதிந்துவிட வேண்டும். நடைக்கு அனுமதிச் சீட்டோ நுழைவுக் கட்டணமோ கிடையாது. ஆனால் வாகன நிறுத்தக் கட்டணம் நம்மூர்க் கணக்கில் கொஞ்சம் திடுக்கிட வைக்கும். நாலு பேர் சேர்ந்து ஒரே காரில் போனால் வலிக்காது.

சிலர் ‘பி3-இலிருந்து ஏறினால் அது முழு நடை ஆகாது’ என்பார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பி2-க்கும் பி3-க்கும் நடுவே இருப்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஒரு குறுகிய வண்டிப்பாதை, கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர். ஏறும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் மூச்சு வாங்க வைக்கும். இறங்கும்போதுதான் அதன் சுயரூபம் தெரியும்: இருபத்து மூன்று கிலோமீட்டர் நடந்து ஓய்ந்த முட்டிகளை அந்தச் செங்குத்துத் தார்ச்சாலை ஒவ்வோர் அடியிலும் குத்தும். புதியவர்கள் பி3-ஐ எடுங்கள். மிச்சமாகும் இரண்டு மூன்று மணி நேரம் அன்றைக்கு வேறு எங்கும் கிடைக்காது.

போய்ச் சேர்வது

பெர்கனிலிருந்து ஒட்டாவுக்கு காரிலோ பேருந்திலோ மூன்று மணி நேரம் சுமார். ஒஸ்லோவிலிருந்து ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே மலை ஏறுவது வேண்டாம். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசா போதும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. பணம் யூரோ அல்ல, குரோனர். கையில் நோட்டு வைத்திருக்க வேண்டிய தேவை அநேகமாக வராது, எல்லாம் அட்டைதான். ஒஸ்லோவிலும் பெர்கனிலும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக இருக்கின்றன. சொந்தக்காரர் யாராவது அங்கே இருந்தால் கனத்த மழைச்சட்டையையும் தலையில் மாட்டும் டார்ச்சையும் வாங்காமல் இரவல் கேட்டுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

உடம்பைத் தயார் செய்வது

பர்வதமலையோ வெள்ளியங்கிரியோ ஏறியவர்களுக்கு ஏற்றம் புதிதல்ல, அங்கே ஏற்றம் இதைவிடக் கடுமை என்றுகூடச் சொல்வேன். இங்கே கஷ்டம் நீளத்தில்தான். பத்து மணி நேரம் இடைவிடாமல், கல்லும் சேறும் ஈரமுமாகக் கிடக்கும் பாதையில், அடுத்த அடியை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும். கால்களைவிடக் கவனம்தான் முதலில் சோர்கிறது.

இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். வாரத்தில் மூன்று நாள் படிக்கட்டு: பத்து மாடி ஏறி, லிஃப்டைத் தொடாமல் பத்து மாடி இறங்குங்கள். இறங்குவதுதான் முக்கியம், நம்மூரில் யாரும் இறங்கப் பழகுவதில்லை. வார இறுதியில் ஒரு நீண்ட நடை. முதலில் பத்து கிலோமீட்டர், கிளம்புவதற்கு மூன்று வாரம் முன் இருபது. அதே காலணியில், அதே பையோடு, பைக்குள் ஆறேழு கிலோ எடையோடு. இருபது கிலோமீட்டர் முடித்த மறுநாள் காலை அலுவலகம் போக முடிகிறதா? அப்படியென்றால் தயார்.

நார்வேக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். ஸ்டவாங்கர் பக்கம் லீசெ ஃபியோர்டின் மேல் ப்ரெய்கெஸ்டூலன் என்ற மேடைப்பாறை இருக்கிறது. நீர்மட்டத்திலிருந்து 604 மீட்டர் உயரம், போக வர எட்டு கிலோமீட்டர், நாலைந்து மணி நேரம். நேபாளத்து ஷெர்பாக்கள் வந்து கல் அடுக்கிச் செப்பனிட்ட பாதை. அங்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றால் ட்ரோல்டுங்காவை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள், அல்லது வழிகாட்டியோடு போங்கள். இரண்டும் பாதகமில்லை.

பையில் என்ன?

காலணியைப் பற்றி ஒன்றே ஒன்று: புதிதாக வாங்கியதை மாட்டிக்கொண்டு போகாதீர்கள். கணுக்காலைப் பிடிக்கிற, அடியில் நல்ல பிடிப்புள்ள, குறைந்தது ஐம்பது கிலோமீட்டர் பழகிய ஜோடி வேண்டும். கொப்புளம் ஐந்தாம் கிலோமீட்டரில் வந்தால் மீதி இருபத்திரண்டும் நரகம். குதிகாலில் லேசாக எரிகிறது என்று தோன்றிய அந்த நிமிடமே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். ‘அடுத்த நிறுத்தத்தில் பார்க்கலாம்’ என்றால் அடுத்த நிறுத்தத்தில் தோல் இருக்காது.

துணியை அடுக்கடுக்காகப் போட வேண்டும். உடம்போடு ஒட்டினது மெல்லிய கம்பளி பனியன், அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத சட்டை, அதே மாதிரி கால்சட்டை. பருத்தி பனியனும் ஜீன்ஸும் விடுதியிலேயே இருக்கட்டும். நம் ஊரில் பருத்திக்கு ஈடு கிடையாது, இங்கே அது வியர்வையைக் குடித்துக்கொண்டு ஐஸ் போல முதுகில் ஒட்டும். ஆகஸ்டில்கூடக் குல்லாவும் கையுறையும் உள்ளே போகட்டும். கீழே ஒட்டாவில் 18 டிகிரி என்று சிரித்துக்கொண்டிருந்த நாளில் மேலே காற்றில் என் விரல்கள் ஜிப்பைத் திறக்க மறுத்தன. மாற்றுக் காலுறை ஒரு ஜோடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். பாதி வழியில் காய்ந்த காலுறை மாட்டும் சுகத்தை எழுதிக் காட்ட முடியாது.

இவற்றோடு தலையில் மாட்டும் டார்ச் (ஜூலையிலும்தான்), பவர் பேங்க், காகித வரைபடம், சின்ன மருந்துப்பெட்டி, ஒரு விசில். ஊன்றுகோல் இரண்டு இருந்தால் இறக்கத்தில் முட்டி உங்களை வாழ்த்தும்.

தண்ணீர் சுமக்க வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டில் போதும், வழியெல்லாம் ஓடைகள். ஓடுகிற தண்ணீரில், ஆட்கள் மிதிக்கும் பாதைக்கு மேல்பக்கமாகப் பிடித்துக் குடிக்கலாம். பல் கூசும் அளவுக்குக் குளிர்ச்சி.

சாப்பாட்டில் ஒரு தப்பு செய்து கற்றுக்கொண்டேன். மலைப்பயணம் என்றால் கட்டுச்சோறு என்ற பழக்கத்தில் முதல் தடவை புளியோதரை கட்டிக்கொண்டு போனேன். குளிரில் சோறு விறைத்து, பருக்கை பருக்கையாகச் சரளைக்கல் மாதிரி ஆகிவிட்டது. எண்ணெயும் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டியது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, நல்லவேளை சப்பாத்திச் சுருளும் இருந்தது. சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கோ முட்டையோ வைத்துச் சுருட்டிக்கொள்ளுங்கள், கையுறையைக் கழற்றாமலே கடிக்கலாம். கடலை மிட்டாய், பேரீச்சை, உப்புக்கடலை இவையெல்லாம் கோட்டுப் பையிலேயே இருக்கட்டும், பையைத் திறக்கச் சோம்பல்பட்டுச் சாப்பிடாமல் நடப்பவர்கள்தான் பதினைந்தாம் கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஃபிளாஸ்கில் சர்க்கரை தூக்கலாக டீ. ஊர்க்காரர்கள் எல்லோர் கையிலும் குவிக் லன்ஷ் என்ற சாக்லேட் இருக்கும். அதன் உறையின் உள்பக்கத்தில் மலைநடை விதிகளை அச்சடித்திருப்பார்கள். தின்றுவிட்டுப் படியுங்கள்.

முந்தைய நாள் மாலை

அந்த விதிகளுக்கு ஃபியெல்வெட் விதிகள் என்று பெயர், மலையறிவு என்று சொல்லலாம். மொத்தம் ஒன்பது. 1967 ஈஸ்டர் விடுமுறையில் நார்வே மலைகளில் 18 பேர் இறந்ததற்குப் பிறகு நாடு முழுக்க இவற்றைப் பரப்பினார்கள். எட்டாவது விதி: காலத்தோடு திரும்புங்கள், திரும்புவதில் வெட்கமில்லை. குழந்தைகள்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள்.

‘காலத்தோடு’ என்றால் எப்போது? மலையில் நின்று யோசித்தால் விடை கிடைக்காது. இன்னும் மூன்று கிலோமீட்டர்தானே, இவ்வளவு தூரம் வந்தாச்சே, லட்சக்கணக்கில் செலவழித்தாச்சே என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடும். அதனால் முதல் நாள் சாயங்காலம், சூடாகக் குளித்துவிட்டு, வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கும்போதே திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். பி2-இலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் என் கணக்கு இது: ஏழரைக்குள் பி3 உயரம், ஒன்பதரைக்குள் பெரிய ஏற்றங்கள் முடிய வேண்டும், பன்னிரண்டுக்கு நாக்கு. ஒரு மணி அடிக்கும்போது நாக்கு கண்ணில் படவில்லையென்றால், எங்கே நிற்கிறோமோ அங்கேயே திரும்பல். இதைக் காகிதத்தில் எழுதி, கூட வருகிற எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். கைப்பேசியில் ஒரு மணிக்கு அலாரமும் வையுங்கள். இப்படிச் செய்துவிட்டால் மலையில் வாக்குவாதம் இருக்காது, கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை யாரும் குறை சொல்லவும் முடியாது.

அப்புறம் வானிலை. யர் என்ற நார்வே வானிலை ஆய்வுக் கழகச் செயலியில் ஒட்டாவைப் பார்க்காதீர்கள், ட்ரோல்டுங்கா என்றே தேடுங்கள். ஃபியோர்டின் கரைக்கும் 1,100 மீட்டருக்கும் சம்பந்தமே இல்லை. மழை லேசென்றால் சமாளிக்கலாம். பலத்த காற்றும் தாழ்ந்த மேகமும் சேர்ந்து வந்தால் அந்த நாளை விட்டுவிடுங்கள், மூன்று இரவு பதிந்தது இதற்குத்தான்.

விடுதியில் ஒருவரிடமாவது எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவசர மருத்துவ எண் 113, காவல்துறை 112. யெல்ப் 113 என்ற செயலியை இறக்கி வைத்துக்கொண்டால், அழைக்கும்போதே நீங்கள் நிற்கும் இடத்தின் அடையாளம் அவர்களுக்குப் போய்விடும். மூட்டமாக இருந்தால் ஹெலிகாப்டர் பறக்க முடியாது, ஆட்கள் நடந்துதான் வர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். வழியில் அவசரத்துக்கு ஒதுங்கும் சிறு குடில்கள் இருக்கின்றன, ஆனால் ராத்தங்கலுக்கு என்று நினைத்துப் போகாதீர்கள்.

நடக்கும் நாள்

பி2-இல் கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்புங்கள், அவ்வளவு சொன்னால் போதும். முதல் நாலு கிலோமீட்டர் வளைவுச் சாலை. பக்கத்தில் நடப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள். ஓரிரு சொல்லில் பதில் வருகிறதென்றால் வேகம் அதிகம்.

பி3 தாண்டியதும் கொஞ்ச நேரம் சமதளம், சதுப்பு, ஓடை, ஆங்காங்கே மர வீடுகள். இங்கேதான் பலர் ‘இவ்வளவுதானா’ என்று ஏமாறுவது. அடுத்து வருகிறது க்ரீட்டெஸ்காரெ ஏற்றம், பி3-க்குப் பிறகு வரும் ஏற்றங்களில் பெரியது. கல்லும் படியுமாக நெடுக ஏறுகிறது. அதற்கப்புறம் ட்ரொம்போஸ்காரெ. அது ஒரு கணவாய், பாதையிலேயே உயரமான பகுதி அங்கேதான். அந்தக் கணவாய் வந்துவிட்டால் கஷ்டமான ஏற்றம் முடிந்தது, ஆனால் தூரத்தில் பாதிகூட வந்திருக்காது. மிச்சம் முழுக்க ஏறி இறங்கும் பாறைவெளி. மரமே இல்லை, வழவழவென்று பனியாறு தேய்த்துவிட்ட சாம்பல்நிறப் பாறைகள், நடுநடுவே குட்டைகள். வலது கைப்பக்கம் அவ்வப்போது ஏரி எட்டிப் பார்க்கும்.

பாதையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பலகை உண்டு, நாக்குக்கு எவ்வளவு, திரும்ப எவ்வளவு என்று இரண்டையும் சொல்லும். நடுவில் சிவப்பு ‘டி’ எழுத்து பாறைகளில் தீட்டியிருக்கும், நார்வே மலைப்பாதைகள் பெரும்பாலானவற்றில் இதே அடையாளம்தான். ஒரு ‘டி’-யில் நின்றால் அடுத்தது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் முன்னால் போய்த் தேடாதீர்கள், கடைசியாகப் பார்த்த ‘டி’-க்குத் திரும்பி வந்து அங்கிருந்து தேடுங்கள். மூட்டத்தில் என்னைக் காப்பாற்றியது இந்த ஒரு பழக்கம்தான்.

ஒவ்வொரு பலகையிலும் கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவே சாதாரணமாக இருபது நிமிடம் என்றால் நல்ல வேகம். இருபத்தைந்தும் பரவாயில்லை. தொடர்ந்து முப்பதைத் தாண்டினால் எழுதி வைத்த காகிதத்தை எடுத்துப் பாருங்கள்.

நாக்கின்மேல்

வந்து சேர்ந்ததும் முதலில் கண்ணில் படுவது வரிசை. கோடை மத்தியானங்களில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்கூட நிற்க வேண்டியிருக்கும். பள்ளத்தாக்கைத் தன்னந்தனியாகப் பார்த்தபடி ஒருவர் நிற்கும் படங்கள் எல்லாமே இந்த வரிசைக்கு முதுகைக் காட்டி எடுத்தவைதான். இந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது வியர்வை குளிர்ந்து உடம்பு நடுங்கும், வந்ததும் முதல் வேலையாக ஸ்வெட்டரையும் குல்லாவையும் மாட்டிவிட்டு வரிசைக்குப் போங்கள். தனியாக வந்தவர்கள் கைப்பேசியைப் பின்னால் நிற்பவரிடம் கொடுப்பது வழக்கம், அவரும் தன்னுடையதைத் தருவார். படம் நாக்கிலிருந்து எடுப்பதல்ல, பக்கத்துப் பாறை விளிம்பிலிருந்து எடுப்பது. படமெடுப்பவரும் விளிம்புக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

தடுப்புக் கம்பி எதுவும் இல்லை. நாக்கு தோற்றத்துக்கு ஒடிசலாக இருந்தாலும் நடுவில் நிற்க அகலம் தாராளம். உட்கார்ந்து நகர்ந்தே நுனிக்குப் போகிறவர்களைப் பார்த்தேன், அதுதான் புத்திசாலித்தனம். பாறை ஈரமாக இருந்தாலோ காற்று தள்ளினாலோ நுனிக்குப் போகாதீர்கள். குதிப்பது, தலைகீழாக நிற்பது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். 2015-இல் ஒரு மாணவி இங்கே விழுந்து இறந்துபோனார்.

நான் நின்றபோது என்ன தோன்றியது என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், காலுக்குக் கீழே பாறை இருக்கிறது என்பதை உள்ளங்கால் நம்பவில்லை. ஷூவுக்குள் விரல்கள் தானாக மடங்கிப் பிடித்துக்கொண்டன. பத்து விநாடி ஏரியைப் பார்த்தேன், திரும்பி வந்துவிட்டேன். வரிசையை விட்டுப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து டீ குடித்தபடி பார்த்ததுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: பச்சையும் நீலமும் கலந்த ஏரி, அதன் மேல் மேகத்தின் நிழல் ஒரு படகு மாதிரி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. வரிசை ரொம்ப நீளமாக இருந்தால் படத்தை விட்டுவிட்டு அந்தப் பாறையில் உட்காருங்கள்.

திரும்பி வருவது

இங்கேதான் கணுக்கால்கள் சுளுக்கிக்கொள்கின்றன. பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சு, மனசு ஏற்கெனவே விடுதியில் இருக்கிறது, கால் மட்டும் பாறையில். திரும்பும்போதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் உட்காருங்கள், பசிக்காவிட்டாலும் ஏதாவது சாப்பிடுங்கள். க்ரீட்டெஸ்காரெ இறக்கத்தில் ஊன்றுகோலைக் கொஞ்சம் நீளமாக வைத்து முன்னால் ஊன்றி இறங்குங்கள். பி3 வந்ததும், பி2-க்கு இறங்கும் ஷட்டிலில் இடம் இருந்தால் யோசிக்காமல் ஏறுங்கள். காலையில் நடந்தே ஏறியவர்கள் என்ற கௌரவமெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

அன்று இரவே பெர்கனுக்கோ ஒஸ்லோவுக்கோ காரோட்டிப் போகத் திட்டமிடாதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் நடந்தவர் குறுகலான ஃபியோர்டுச் சாலையில், சுரங்கப்பாதைகளுக்குள் ஓட்டுவது மலையைவிட ஆபத்து. ஒட்டாவிலேயே தூங்குங்கள். அறை பதியும்போது தரைத்தளமாகக் கேட்டுப் பாருங்கள். நான் இரண்டாம் மாடியில் இருந்தேன். மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் படி இறங்க முடிந்தது. எதிரே ஏறி வந்த ஒரு ஜெர்மானியத் தம்பதி என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டு, ‘ட்ரோல்டுங்கா?’ என்று மட்டும் கேட்டார்கள்.